எந்தப் பைத்தான்? – ஜாங்கோ நிறுவலைப் பற்றி ஒரு மதிப்புரை

பைத்தான் என்ற நிரல் மொழியில் வலைத்தளம் கட்ட உதவும் ஆயத்தக் கட்டமைப்பு ஜாங்கோ ஃபிரேம்வொர்க். அதைப் பற்றிய மதிப்புரைகளில் பெரும்பாலானவை அதன் நிர்வாகப் பக்கத்தையும், தரவுத்தளத்தைக் கையாளும் முறையையும், பாதுகாப்பு ஏற்பாடுகளையும் பாராட்டுவதோடு முடிந்துவிடுகின்றன. அவையெல்லாம் நிறுவி முடித்தவர்களுக்கான செய்திகள். வலைத்தளம் கட்டக் கற்றுக்கொள்ள வந்த ஒருவர் அவற்றில் ஒன்றையும் காணும் முன்பே, கறுப்புத் திரையில் வந்து நிற்கும் பிழைச்செய்தியைப் பார்த்துவிட்டு, இந்தத் துறை தமக்கு வராது என்று ஒதுங்கிவிடுகிறார். அப்படி ஒதுங்கியவர்களை நான் அறிவேன். அவர்களுள் எவருக்கும் அறிவுக் குறைவு இல்லை. ஆகவே இந்த மதிப்புரை ஜாங்கோவின் முதல் ஒரு மணி நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. நிறுவும் கட்டளையைத் தட்டச்சு செய்வது முதல், உலாவியில் ராக்கெட் படத்துடன் வாழ்த்துப் பக்கம் தோன்றுவது வரை, எங்கே என்ன தடுக்கிறது, அதில் ஜாங்கோவின் பங்கு எவ்வளவு என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜாங்கோவின் நிறுவல் உறுதியாக ஆக்கப்பட்ட ஒன்று. அது தானாகத் தவறுவது அரிது. புதியவர் சந்திக்கும் தடைகளில் பெரும்பகுதி, கணினியில் இருக்கும் பல பைத்தான்களுள் எது கட்டளையைப் பெற்றுக்கொண்டது என்ற ஒரே கேள்வியிலிருந்து கிளைப்பவை. அந்தக் கேள்வியைப் புதியவரின் முன் தெளிவாக வைக்காததுதான் ஜாங்கோவின் அறிமுக ஆவணங்களில் நான் காணும் குறை.

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், லாரன்ஸ் நகரத்துச் செய்தித்தாள் ஒன்றின் இணையப் பிரிவில் 2003ஆம் ஆண்டு ஏட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் எழுதத் தொடங்கிய நிரலே ஜாங்கோ. 2005 ஜூலையில் அது பொதுவெளிக்கு வந்தது; ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிட்டார் கலைஞரின் பெயரைத் தாங்கியது. செய்தி அறைக்குரிய அவசரத்தில் பிறந்ததாலோ என்னவோ, வேண்டியவற்றையெல்லாம் ஒரே பொதியில் கொண்டுவரும் இயல்பு அதற்கு உண்டு. நிறுவலிலும் இது தெரிகிறது. பதிவிறங்கும் பொதி சுமார் 8 மெகாபைட் மட்டுமே. கூடவே வருபவை ஏஎஸ்ஜிஐரெஃப், எஸ்கியூஎல்பார்ஸ் என்ற இரண்டு சிறு தொகுப்புகள். விண்டோஸில் மட்டும் நேர மண்டலத் தரவுக்காக இன்னொன்று சேரும். சி மொழியில் எழுதி, கணினியில் தொகுக்க வேண்டிய பகுதி எதுவும் அதில் இல்லை. தரவுத்தளமாக எஸ்கியூலைட் பைத்தானோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. இதே வேலைக்கான லாராவெல் ஃபிரேம்வொர்க்குக்குப் பிஎச்பி மொழியும் கம்போசர் என்ற நிறுவும் கருவியும் முன்கூட்டியே வேண்டும். இதே வகையைச் சேர்ந்த ரூபி ஆன் ரெயில்ஸை விண்டோஸில் நிறுவ விரும்புவோருக்கு, அதற்குள் ஒரு லினக்ஸையே அமைத்துக்கொள்ளும்படி அறிவுரை சொல்லப்படுகிறது. இவற்றோடு ஒப்பிட்டால் ஜாங்கோ மிக எளிமையானது. இவ்வளவு எளிமையான ஒன்று ஏன் இத்தனை பேரைத் தடுமாற வைக்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது.

விண்டோஸிலிருந்து தொடங்கலாம்; புதியவர்களில் மிகப் பலர் அங்கேதான் இருக்கிறார்கள். பைத்தானின் வழக்கமான நிறுவியைத் திறந்தால், முதல் திரையின் அடியில் கட்டளைகளை விண்டோஸ் தேடும் இடங்களைக் கொண்ட 'பாத்' என்னும் பட்டியலில் பைத்தானைச் சேர்க்கட்டுமா என்று கேட்கும் ஒரு சிறு கட்டம் இருக்கும். அது இயல்பாகத் தேர்வு செய்யப்பட்டிருக்காது. பெரிய எழுத்தில் தெரியும் 'இன்ஸ்டால்' பொத்தானை அழுத்திவிட்டுச் செல்பவருக்குப் பைத்தான் நிறுவப்பட்டுவிடும். ஆனால் கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரையான கமாண்ட் பிராம்ப்டில் 'பைத்தான்' என்று தட்டினால் அது கிடைக்காது. இதைவிடக் குழப்பமானது விண்டோஸ் 10இலும் 11இலும் உள்ள ஓர் ஏற்பாடு. அங்கே 'பைத்தான்' என்ற பெயரில் ஒரு வெற்றுக் குறுக்குவழி முன்பே வைக்கப்பட்டிருக்கிறது. பாத்தில் உண்மையான பைத்தான் இல்லாதபோது அந்தக் குறுக்குவழி விழித்துக்கொண்டு மைக்ரோசாஃப்ட் ஸ்டோரைத் திறக்கும். அதைக் கண்டவர் தம் நிறுவல் பழுதாகிவிட்டது என்று எண்ணி, ஸ்டோரிலிருந்து இன்னொரு பைத்தானையும் நிறுவிக்கொள்வார். ஒரே கணினியில் இரண்டு பைத்தான்கள் அமைவது பெரும்பாலும் இப்படித்தான். நிறுவியை மீண்டும் இயக்கி, மாற்றியமைக்கும் தெரிவுக்குள் சென்று, பாத்தில் சேர்க்கும் கட்டத்தைத் தேர்வு செய்வதே இதற்குச் சரியான தீர்வு. குறுக்குவழியின் தொல்லை தொடர்ந்தால், விண்டோஸ் அமைப்புகளில் செயலிகளுக்கான மாற்றுப்பெயர்ப் பட்டியலுக்குச் சென்று பைத்தானுக்கு எதிரே உள்ள விசையை அணைத்துவிடலாம்.

இரண்டு பைத்தான்கள் இருப்பது தன்னளவில் தவறில்லை. அவற்றுள் ஒன்றில் ஜாங்கோ போய் அமர்ந்துகொள்ள, நாம் மற்றொன்றை இயக்குவதுதான் சிக்கல். ஒரே தெருவில் ஒரே பெயர்கொண்ட இரண்டு வீடுகள் இருக்க, பொருள் ஒரு வீட்டில் இறங்கிவிட, நாம் அடுத்த வீட்டின் கதவைத் தட்டிப் பொருள் வரவில்லை என்று சொல்வதைப் போன்றது அது. பைத்தானுக்கான தொகுப்புகளை இறக்கி நிறுவும் 'பிப்' என்ற கருவியை அழைத்து, 'பிப் இன்ஸ்டால் ஜாங்கோ' என்று தட்டுகிறோம். வெற்றிகரமாக நிறுவப்பட்டது என்று செய்தியும் வருகிறது. அடுத்த வரியில் ஜாங்கோவை இறக்குமதி செய்ய, அதாவது நிரலுக்குள் அழைக்க, முயன்றால், அப்படியொரு தொகுப்பே இல்லை என்று பைத்தான் சொல்கிறது. இரண்டு செய்திகளும் உண்மை. 'பிப்' என்ற சொல் ஒரு பைத்தானுக்கும் 'பைத்தான்' என்ற சொல் இன்னொரு பைத்தானுக்கும் உரியதாக இருந்திருக்கிறது, அவ்வளவே.

இதைத் தவிர்க்கும் வழி எளிது. 'பிப்' என்று தனியாக அழைக்காமல், விண்டோஸில் 'பை -எம் பிப் இன்ஸ்டால் ஜாங்கோ' என்றும், லினக்ஸிலும் மேக்கிலும் 'பைத்தான்3 -எம் பிப் இன்ஸ்டால் ஜாங்கோ' என்றும் எழுத வேண்டும். எந்தப் பைத்தானை அழைக்கிறோமோ அதற்குரிய பிப்பே அப்போது இயங்கும். ஐயம் வந்தால் 'பிப் --வெர்ஷன்' என்று கேட்கலாம். அந்தப் பிப் எந்தக் கோப்புறையில் இருக்கிறது, எந்தப் பைத்தான் பதிப்பைச் சேர்ந்தது என்ற இரண்டையும் ஒரே வரியில் சொல்லிவிடும். விண்டோஸில் 'பை --லிஸ்ட்' என்று தட்டினால், அந்தக் கட்டளை அறிந்த பைத்தான்கள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். புதியவருக்கு உதவ அமரும்போது நான் முதலில் கேட்டு வாங்குவது இந்த இரண்டு வரிகளின் விடையைத்தான். பெரும்பாலும் அதற்கு மேல் எதையும் கேட்க வேண்டியிருப்பதில்லை.

புதிய திட்டத்தைத் தொடங்கும் 'ஜாங்கோ-அட்மின்' என்ற கட்டளையை அடையாளம் தெரியவில்லை என்று விண்டோஸ் மறுப்பதும் இதே குடும்பத்துப் பிழை. ஜாங்கோ நிறுவப்பட்டிருக்கிறது, அதன் கட்டளைக் கோப்பு இருக்கும் 'ஸ்கிரிப்ட்ஸ்' கோப்புறைதான் பாத்தில் இல்லை. 'பை -எம் ஜாங்கோ ஸ்டார்ட்ப்ராஜெக்ட்' என்று அழைத்தால் பாத்தைத் தொடாமலே வேலை நடந்துவிடும். ஜாங்கோவைப் படைத்தவர்கள் இந்த மாற்றுவழியைத் தந்திருப்பது பாராட்டத்தக்கது. அறிமுகப் பாடம் இதையே முதல் வழியாகச் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

எந்தப் பைத்தான் என்ற கேள்விக்கு இன்னொரு முகமும் உண்டு. இதைப் பலர் கவனிப்பதில்லை. என் பார்வையில் இதுவே அதிகத் தீங்கு செய்வது. பதிப்பு எண் எதுவும் குறிப்பிடாமல் ஜாங்கோவை நிறுவச் சொன்னால், அங்குள்ள பைத்தானுக்குப் பொருந்தும் மிக அண்மைய ஜாங்கோவைப் பிப் தேர்ந்தெடுக்கும். பைத்தான் 3.9 இருந்தால் கிடைப்பது ஜாங்கோ 4.2. பைத்தான் 3.10 அல்லது 3.11 இருந்தால் 5.2. பைத்தான் 3.12 அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால், 2025 டிசம்பரில் வெளியான 6.0 வரிசை வரும். ஒரே கட்டளை மூன்று கணினிகளில் மூன்று வெவ்வேறு ஜாங்கோக்களைத் தருகிறது. அதைப் பற்றி எச்சரிக்கை ஏதும் வருவதில்லை. மேக் கணினியில் ஆப்பிளின் நிரலாளர் கருவிகளோடு வரும் பைத்தான் 3.9 என்பதால், அதையே நம்பி நிறுவுபவர் பழைய 4.2 வரிசையில் நின்றுகொண்டு, புதிய பதிப்புக்கான பாடத்தைப் படித்துக்கொண்டிருப்பார். பாடத்தில் இருப்பது திரையில் வராது. தவறு தம்முடையது என்று நினைப்பார்.

பிப்பின் இந்த நடத்தையில் நியாயம் இருக்கிறது. பொருந்தாத பதிப்பைத் திணிப்பதைவிடப் பொருந்துவதைத் தருவது நல்லதுதான். ஆனாலும் கற்கத் தொடங்குபவர் பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டே நிறுவ வேண்டும் என்பது என் உறுதியான பரிந்துரை. மேற்கோள் குறிகளுக்குள் "ஜாங்கோ~=5.2.0" என்று எழுதினால், 5.2 வரிசையின் அண்மையத் திருத்தம் வரும். அடுத்த வரிசைக்குத் தாவாது. பைத்தான் பழையதாக இருந்தால், பொருத்தமான பதிப்பு கிடைக்கவில்லை என்று பிப் அங்கேயே நின்றுவிடும். எந்தெந்தப் பதிப்புக்கு எந்தப் பைத்தான் வேண்டும் என்றும் அதே செய்தியில் சொல்லும். சத்தமில்லாமல் பழைய பதிப்பைப் பெறுவதைவிட, இப்படி வெளிப்படையாக நின்றுபோவது கற்பவருக்கு எவ்வளவோ மேல். நிறுவிய பின் 'பைத்தான் -எம் ஜாங்கோ --வெர்ஷன்' என்று கேட்டு வரும் எண்ணும், ஆவணப் பக்கத்தின் மூலையில் தெரியும் பதிப்பு எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வதும் அவசியம்; ஆவணத்தில் பதிப்பை மாற்றிக்கொள்ள வசதி இருக்கிறது.

மெய்நிகர் சூழல் என்பது இந்தக் குழப்பம் முழுவதற்கும் ஏற்பட்ட மருந்து. ஒவ்வொரு திட்டத்துக்கும் தனியாக ஒரு பைத்தான் கோப்புறையை அமைத்து, அதற்குள்ளேயே ஜாங்கோவை வைத்துக்கொள்ளும் முறை அது. பைத்தானோடு வரும் 'வென்வ்' என்ற கருவியே இதற்குப் போதும். வேறு எதையும் நிறுவத் தேவையில்லை. ஆனால் இந்த மருந்தும் தனக்கென்று சில தடைகளைக் கொண்டுவருகிறது.

விண்டோஸின் இன்னொரு கட்டளைத் திரையான பவர்ஷெல்லில் சூழலை இயக்க முயன்றால், இந்தக் கணினியில் ஸ்கிரிப்டுகளை இயக்குவது தடுக்கப்பட்டுள்ளது என்று சிவப்பு எழுத்தில் செய்தி வரும். பைத்தானுக்கும் இதற்கும் தொடர்பில்லை. வீட்டுக் கணினிகளில் பவர்ஷெல்லின் இயல்பான பாதுகாப்புக் கொள்கை அப்படி. தற்போதைய பயனருக்கு மட்டும் 'ரிமோட்சைன்ட்' என்ற கொள்கையை 'செட்-எக்ஸிகியூஷன்பாலிசி' கட்டளையால் அமைத்தால் போதும். கணினி முழுவதற்கும் தடையை நீக்கச் சொல்லும் அறிவுரைகளை ஏற்க வேண்டாம். இதிலிருந்து தப்பிக்கச் சிலர் அதே பவர்ஷெல்லில், கமாண்ட் பிராம்ப்டுக்கென உள்ள 'ஆக்டிவேட்.பேட்' கோப்பை இயக்குகிறார்கள். பிழை ஒன்றும் வராது; ஆனால் சூழலும் இயங்காது, ஏனெனில் அந்தக் கோப்பு தனியொரு கமாண்ட் பிராம்ப்டுக்குள் ஓடி, அங்கேயே முடிந்துவிடுகிறது. பிழைச்செய்தி வராத தவறு என்பதால் இதைக் கண்டுபிடிப்பது கடினம். வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சூழலின் பெயர் தெரிகிறதா என்று பார்ப்பதுதான் நம்பத்தக்க அடையாளம். பெயர் தெரியாவிட்டால், அதன் பின் தட்டும் எந்தக் கட்டளையும் வேறு பைத்தானுக்குத்தான் போகும்.

லினக்ஸ் வகைகளான உபுண்டுவிலும் டெபியனிலும் நிலைமை வேறு. அண்மைய பதிப்புகளில் அமைப்பின் பைத்தானுக்குள் நேரடியாக ஜாங்கோவை நிறுவ முயன்றால், இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்று சொல்லிப் பிப் மறுத்துவிடும். டெபியன் 12, உபுண்டு 23.04 ஆகியவற்றிலிருந்து இந்தக் கட்டுப்பாடு இருக்கிறது. இயங்குதளமே தன் வேலைகளுக்குப் பைத்தானைச் சார்ந்திருப்பதால், நாம் அதில் கைவைத்து எதையாவது கெடுத்துவிடக் கூடாது என்பதே காரணம். அந்தத் தடையை உடைக்கும் தெரிவு ஒன்றைச் சில பதில்கள் பரிந்துரைக்கின்றன. அந்தத் தெரிவின் பெயரிலேயே அமைப்புத் தொகுப்புகளை உடைப்பது என்ற பொருள் வெளிப்படையாக இருக்கிறது, அதை மதிக்க வேண்டும். மெய்நிகர் சூழலே நேர்வழி. ஆனால் இந்த இரண்டு இயங்குதளங்களிலும் 'வென்வ்' முழுமையாக வருவதில்லை. 'பைத்தான்3-வென்வ்' என்ற தொகுப்பை, அவற்றின் நிறுவும் கருவியான 'ஆப்ட்' வழியாகத் தனியே நிறுவிக்கொண்ட பிறகே சூழலை உருவாக்க முடியும். இதைப் பிழைச்செய்தியே தெளிவாகச் சொல்லிவிடுகிறது. நீண்ட செய்தி என்பதால் பலர் படிப்பதில்லை.

சூழல் கோப்புறையை ஓரிடத்தில் உருவாக்கி வேறிடத்துக்கு நகர்த்தக் கூடாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அதற்குள் இருக்கும் கோப்புகளில் முழு முகவரியும் பதிந்திருப்பதால், நகர்த்தியதும் அவை பழைய இடத்தைத் தேடும். நகர்த்த நேர்ந்தால் அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குவதே முறை.

விஎஸ் கோட் என்ற நிரல் எழுதும் எடிட்டரைப் பயன்படுத்துபவர்களுக்கு மேலும் ஒரு படி. டெர்மினலில் ஜாங்கோ ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். எடிட்டரிலோ ஜாங்கோவை இறக்குமதி செய்யும் வரிகளின் கீழ் மஞ்சள் அலைக்கோடு கிடக்கும். எடிட்டர் வேறொரு பைத்தானைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதே பொருள். கட்டளைப் பட்டியைத் திறந்து, பைத்தான் இன்டர்ப்ரெட்டரைத் தேர்வு செய்யும் இடத்தில் சூழலுக்குள் உள்ள பைத்தானைச் சுட்டினால் கோடு மறைந்துவிடும்.

இவ்வளவு தடைகளுக்கு நடுவே ஜாங்கோவின் ஒரு பிழைச்செய்தியைத் தனியாகப் பாராட்ட விரும்புகிறேன். ஒவ்வொரு திட்டத்திலும் ஜாங்கோ வைக்கும் 'மேனேஜ்.பிஒய்' என்ற கட்டளைக் கோப்பை, ஜாங்கோ இல்லாத பைத்தானால் இயக்கினால், ஜாங்கோவை இறக்குமதி செய்ய முடியவில்லை என்பதோடு அது நிற்பதில்லை. ஜாங்கோ நிறுவப்பட்டிருப்பது உறுதியா, மெய்நிகர் சூழலை இயக்க மறந்துவிட்டீர்களா என்று கேட்கிறது. எழுதியவர் புதியவரின் இடத்தில் தம்மை வைத்துப் பார்த்திருக்கிறார். ஆங்கிலத்தில் இருந்தாலும் நிதானமாகப் படித்தால் விடை அதிலேயே இருக்கிறது. பைத்தானின் பிழை அறிக்கைகளைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டும் என்பதைப் புதியவருக்கு யாராவது முதல் நாளிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டால், பாதி அச்சம் அகன்றுவிடும். காரணம் கடைசி வரியில் இருக்கும், மேலே உள்ளவை அந்த இடத்துக்கு வந்து சேர்ந்த வழி மட்டுமே.

திட்டத்தை உருவாக்கும் படியில் பெரிய தடை இல்லை. 'டெஸ்ட்' என்றோ 'ஜாங்கோ' என்றோ திட்டத்துக்குப் பெயர் வைத்தால், அதே பெயரில் பைத்தான் தொகுப்பு இருப்பதாகச் சொல்லி ஜாங்கோ மறுக்கும். பெயரில் இடைக்கோடும் கூடாது. திட்டக் கோப்புறைக்குள் அதே பெயரில் இன்னொரு கோப்புறை இருப்பதால், 'மேனேஜ்.பிஒய்' எந்த அடுக்கில் இருக்கிறது என்று பார்த்து அங்கே நின்றுகொண்டு கட்டளையிட வேண்டும். கோப்பைத் திறக்க முடியவில்லை என்ற செய்தி வந்தால் நிற்கும் இடம் தவறு என்று கொள்ளலாம்.

தளத்தை நம் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் 'ரன்சர்வர்' கட்டளையைத் தட்டியதும், இன்னும் செயல்படுத்தப்படாத 18 மைக்ரேஷன்கள் (தரவுத்தள மாற்றங்கள்) இருப்பதாகச் சிவப்பு எழுத்தில் ஒரு குறிப்பு வரும். இது பிழை அன்று. சர்வர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பயனர் கணக்கு முதலியவற்றுக்கான அட்டவணைகள் தரவுத்தளத்தில் இன்னும் உருவாக்கப்படவில்லை என்ற நினைவூட்டல் மட்டுமே. 'மைக்ரேட்' கட்டளையை ஒருமுறை இயக்கினால் மறைந்துவிடும். ஆனால் முதன்முறையாக நிறுவுபவருக்குச் சிவப்பு என்றாலே தோல்வி; அவர் உலாவியைத் திறந்து பார்க்காமலே நிறுத்திவிடக் கூடும். இந்த ஓரிடத்தில் வேறு நிறத்தைத் தேர்ந்திருக்கலாம் என்பது என் கருத்து. சர்வர் இயல்பாகப் பயன்படுத்தும் 8000ஆம் போர்ட் எண்ணில் வேறு ஏதேனும் ஓடிக்கொண்டிருந்தால் கட்டளையின் இறுதியில் 8001 என்று சேர்த்துக்கொள்ளலாம். உலாவி தானாகவே முகவரியை 'எச்டிடிபிஎஸ்' ஆக மாற்றிவிட்டால், இந்தச் சர்வர் 'எச்டிடிபி'யை மட்டுமே ஏற்கும் என்று டெர்மினலில் செய்தி வரும். முகவரியைத் திருத்தினால் போதும், அல்லது புதிய மறைநிலைச் சாளரத்தில் திறந்து பார்க்கலாம். அதே வைஃபையில் உள்ள கைபேசியிலிருந்து தளத்தைப் பார்க்க விரும்புபவர், சர்வரை 0.0.0.0:8000 என்ற முகவரியில் இயக்குவதோடு, கணினியின் ஐபி எண்ணை அமைப்புக் கோப்பில் உள்ள 'அலவ்ட்_ஹோஸ்ட்ஸ்' பட்டியலிலும் சேர்க்க வேண்டும்.

இனி, நிறுவல் முடிந்த பிறகும் நிறுவல் பழுது போலவே தோன்றும் ஒரு வகைத் தொல்லையைப் பற்றிப் பேச வேண்டும். இதுவே மிகுந்த நேரத்தை விழுங்குவது. இணையத்தில் கிடைக்கும் ஜாங்கோ பாடங்களில் மிகப் பல பழையவை. தளப் பக்கங்களின் முகவரிகளை எழுத 'பாத்' என்ற எளிய முறை (விண்டோஸின் பாத் பட்டியலுக்கும் இதற்கும் தொடர்பில்லை) 2017 டிசம்பரில் வெளியான ஜாங்கோ 2.0இல் வந்தது, அதற்கு முன்பிருந்த 'யூஆர்எல்' என்ற முறை 4.0இல் முற்றிலும் நீக்கப்பட்டது. பழைய பாடத்தைப் பார்த்து அப்படியே தட்டுபவருக்கு, 'யூஆர்எல்' என்ற பெயரை இறக்குமதி செய்ய முடியவில்லை என்ற செய்தி வரும். ஜாங்கோ சரியாக நிறுவப்படவில்லை என்று கருதி, அவர் நீக்கி நீக்கி மறுபடி நிறுவிக்கொண்டிருப்பார். எத்தனை முறை நிறுவினாலும் வராது. அந்தப் பெயர் ஜாங்கோவிலேயே இப்போது இல்லை.

இதன் மறுபக்கம் இன்னும் சிக்கலானது. பழைய பாடத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று பழைய ஜாங்கோவை, எடுத்துக்காட்டாக 3.2ஐ, புதிய பைத்தானில் நிறுவினால், நிறுவல் வெற்றிகரமாகவே முடியும், இயக்கும்போதுதான் விழும். பைத்தான் 3.12இல் 'டிஸ்ட்யூட்டில்ஸ்' என்ற தொகுப்பும், 2024 அக்டோபரில் வெளியான 3.13இல் 'சிஜிஐ' என்ற தொகுப்பும் நீக்கப்பட்டுவிட்டன. பழைய ஜாங்கோ அவற்றைத் தேடிக் காணாமல் நின்றுவிடும். 'சிஜிஐ' என்ற பெயரைக் கற்பவர் தம் வாழ்நாளில் எழுதியிருக்கவே மாட்டார்; அதைப் பிப்பில் தேடி நிறுவ முயல்வது நல்ல வழி அன்று. பைத்தானை இறக்குவதா, பாடத்தை மாற்றுவதா என்று கேட்டால், தயங்காமல் பாடத்தை மாற்றச் சொல்வேன். ஆதரவு முடிந்த பதிப்பில் கற்றவற்றைப் பின்னர் ஒவ்வொன்றாக மறக்க வேண்டியிருக்கும். பாதுகாப்புத் திருத்தங்களும் அதற்கு வராது.

மைஎஸ்கியூஎல் என்ற வேறொரு தரவுத்தளத்தின் இணைப்பை முதல் நாளே முயல்வதும் இப்படி வலிய வரவழைக்கும் தொல்லை. அதற்குரிய 'மைஎஸ்கியூஎல்கிளையன்ட்' தொகுப்பில் சி மொழிப் பகுதிகள் உண்டு. பைத்தான் பதிப்புக்கு ஏற்ற ஆயத்தப் பொதி கிடைக்காவிட்டால், மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ கருவிகள் வேண்டும் என்று விண்டோஸில் பிழை வரும்; அதன் பிறகு ஜாங்கோவுக்குச் சம்பந்தமில்லாத பெரிய பதிவிறக்கங்களில் நாள் போய்விடும். கற்பதற்கு எஸ்கியூலைட் தாராளமாகப் போதும்.

ஆவணங்களுக்கு வருகிறேன். ஜாங்கோவின் அதிகாரபூர்வ ஆவணங்கள் இத்துறையில் மிகச் சிறந்தவற்றுள் சேர்பவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் புகழ்பெற்ற அதன் முதல் பாடம், ஜாங்கோ முன்பே நிறுவப்பட்டிருப்பதாக வைத்துக்கொண்டு தொடங்குகிறது. நிறுவலுக்குத் தனிப் பக்கமும், விண்டோஸுக்கென்று இன்னொரு பக்கமும் இருக்கின்றன. அவற்றில் உள்ளவை சரியானவையே. மேலே சொன்ன தடைகளோ பல பக்கங்களிலும் இயங்குதளங்களின் உதவிக் குறிப்புகளிலும் சிதறிக் கிடக்கின்றன. ஒரே கட்டளை வெவ்வேறு பைத்தானில் வெவ்வேறு ஜாங்கோவைத் தரும் என்ற செய்தி, புதியவர் முதலில் இறங்கும் பக்கத்தின் தலையிலேயே இருக்க வேண்டியது. இந்த இடைவெளியை நன்றாக நிரப்புவது, 2014இல் ஓலா சிடார்ஸ்காவும் ஓலா செண்டெட்ஸ்காவும் தொடங்கிய ஜாங்கோ கேர்ள்ஸ் அமைப்பின் இலவசப் பாடம். பெண்களை நிரலாக்கத்துக்குக் கொண்டுவரும் பயிலரங்குகளுக்காக எழுதப்பட்டது அது. கமாண்ட் பிராம்ப்டை எப்படித் திறப்பது என்பதிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனித்தனியாகப் படிகளைச் சொல்கிறது. கணினியையே அப்போதுதான் பழகுகிறவர் அதிகாரபூர்வப் பாடத்துக்கு முன் இதைப் படிப்பது நல்லது.

அதிகாரபூர்வ ஆவணங்கள் தமிழில் இல்லை. ஆனால் ஜாங்கோவுக்குள் தமிழ் இருக்கிறது. அமைப்புக் கோப்பில் மொழிக் குறியீட்டைத் தமிழுக்குரியதாக மாற்றினால், நிர்வாகப் பக்கத்தின் சில சொற்கள் தமிழில் தோன்றும்; மொழிபெயர்ப்பு முழுமையடையாததால் பல சொற்கள் ஆங்கிலத்திலேயே நிற்கும். இதில் பங்களிக்க விரும்பும் தமிழர்களுக்கு நிறைய வேலை காத்திருக்கிறது. நேர மண்டலம் இயல்பாக யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருப்பதால், அதை 'ஏஷியா/கொல்கத்தா' என்றோ 'ஏஷியா/கொழும்பு' என்றோ உடனே மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் பதிவுகளின் நேரம் ஐந்தரை மணி பிந்திக் காட்டும். தமிழில் உள்ளடக்கம் சேர்ப்பவர்கள் விண்டோஸில் கவனிக்க வேண்டியது இன்னொன்று: தரவுகளை 'டம்ப்டேட்டா' கட்டளையால் கோப்பாக எடுக்கும்போது, 'சார்மேப்' என்ற குறியாக்கம் தமிழ் எழுத்துகளை ஏற்காமல் பிழை தரும். பைத்தானை '-எக்ஸ்யூடிஎஃப்8' என்ற தெரிவோடு இயக்கினால் அந்தப் பிழை வராது.

ஒட்டுமொத்தமாக, ஜாங்கோவின் நிறுவலை உயர்வாகவே மதிப்பிடுகிறேன். இத்தனை பெரிய ஃபிரேம்வொர்க் இவ்வளவு குறைந்த தேவைகளோடு ஒரு சாதாரண மடிக்கணினியில் ஓடத் தொடங்குவது பெரிய காரியம். அறிமுக ஆவணங்களுக்கு மட்டும் ஒரு படி குறைத்து மதிப்பெண் தருவேன். இன்று தொடங்குபவருக்கு என் பரிந்துரை: பைத்தான் 3.12ஐ அல்லது 3.13ஐ நிறுவி, திட்டத்துக்கெனத் தனிக் கோப்புறையும் அதற்குள் மெய்நிகர் சூழலும் அமைத்து, அதில் 2028 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் பெறவிருக்கும் 5.2 வரிசை ஜாங்கோவைப் பதிப்பு எண்ணோடு நிறுவிக்கொள்ள வேண்டும், அதே 5.2க்கான பாடத்தையே முதலிலிருந்து இறுதிவரை படிக்க வேண்டும். நடுவில் எங்கேனும் நின்றுபோய் யாரிடமாவது உதவி கேட்க நேர்ந்தால், பிழையின் கடைசி வரியோடு இயங்குதளத்தின் பெயர், பைத்தான் பதிப்பு, ஜாங்கோ பதிப்பு, 'பிப் --வெர்ஷன்' காட்டும் வரி ஆகியவற்றையும் சேர்த்து அனுப்பினால், உதவுபவர் அடுத்த கேள்வி கேட்காமலே விடை சொல்லிவிட முடியும்.